ஐ.பி. முகவரியும் நாம் கொண்ட ஒரு சந்தேகமும்



நெய்வேலி நகரியத்தில் நாம் பாடம் நடத்தும் மத்ரஸாவுக்கு ஒரு சிறிய இணையப் பக்கம் உண்டு. மாதந்தோறும் வரவு செலவுக் கணக்கு அதில் ஏற்றப்படும். பெற்றோர் தம் கருத்தை எழுதி அனுப்ப ஒரு படிவமும் வைத்திருந்தோம். பெயர் எழுதுவது கட்டாயமன்று. சென்ற ஆண்டு மழைக்காலத்துக்குச் சற்று முன்பு அப்படிவத்தின் வழியே பெயரில்லாக் கடிதம் ஒன்று வந்தது. கூரையைப் பழுதுபார்க்கத் திரட்டிய பணத்தின் கணக்கு முழுமையாக இல்லை என்றும், அதைக் கையாள்பவர் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ள வேண்டும் என்றும் நான்கே வரிகள். அந்தப் பணத்தைக் கையாண்டவர் வேறு எவருமல்லர், நாமே.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வரும் ஒருவருக்கு அந்த நான்கு வரிகள் என்ன செய்யும் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அன்றிரவு உறக்கமில்லை. கடிதம் சொல்வது உண்மையா என்று ரசீதுப் புத்தகத்தை எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கு ஒரு கணமும் எழவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம். யார் எழுதியது என்ற ஒரே கேள்விதான் எழுந்தது.

நிர்வாகக் குழுவில் இருந்த இளைஞர் ஒருவர், "ஹஜ்ரத், கவலைப்படாதீர்கள், படிவம் அனுப்பியவரின் ஐ.பி. முகவரி பதிவாகியிருக்கும், ஐந்து நிமிடத்தில் ஊரைச் சொல்லிவிடலாம்" என்றார். அவ்வாறே அந்த எண்ணை இருப்பிடம் காட்டும் ஓர் இணையதளத்தில் இட்டார். வரைபடம் விரிந்தது. விருத்தாசலத்தின் மீது ஒரு சிவப்புக் குறி வந்து நின்றது. கூடியிருந்த நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஓராண்டுக்கு முன் நம்முடன் மனவேறுபாடு கொண்டு மத்ரஸாவை விட்டுச் சென்ற மூத்த உஸ்தாத் ஒருவர் இப்போது விருத்தாசலத்தில்தான் இமாமாக இருக்கிறார். கடிதம் வந்த நேரம் வெள்ளிக்கிழமை 14.50 என்று பதிவாகியிருந்தது. ஜும்ஆ முடிந்து ஓய்வாக அமரும் வேளை. வேறென்ன வேண்டும்?

அடுத்த வாரம் ஒரு வலீமா விருந்தில் அவரைக் கண்டோம். அவர் முந்திக்கொண்டு ஸலாம் உரைத்தார். பதில் சொல்வது கடமையாதலால் உதட்டளவில் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அவர் சிறிது நேரம் அங்கேயே நின்றார், பிறகு பந்திக்குப் போய்விட்டார்.

இதற்குள் "விருத்தாசலத்திலிருந்து வந்த கடிதம்" என்ற சொல் இரண்டு மூன்று வீடுகளுக்குப் போய்விட்டிருந்தது. பெயரை நாம் சொல்லவில்லை. ஊரைச் சொன்னாலே போதுமானதாயிருந்தது.

சென்னையில் கணினி வலையமைப்புப் பணியில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் விடுப்பில் வந்தபோதுதான் காரியம் வேறு முகம் கொண்டது. இணையப் பக்கத்தை அமைத்துத் தந்தவரும் அவரே. நாம் நடந்ததைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை, திகைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். நம் செல்பேசியை வாங்கி, நம்முடைய ஐ.பி. முகவரியையே அதே இணையதளத்தில் பார்த்தார். நாம் அமர்ந்திருந்தது நெய்வேலியில். குறி நின்றது சென்னையில். அவருடைய செல்பேசி இருப்பது பெங்களூரு என்று அது சொன்னது. பிறகு அந்தக் கடிதத்தின் எண்ணை மூன்று வெவ்வேறு தளங்களில் இட்டார். ஒன்று விருத்தாசலம் என்றது, மற்றொன்று சென்னை என்றது, மூன்றாவது கோயம்புத்தூர் என்றது.

"இது எப்படி, தம்பி?" என்று கேட்டோம்.

அவர் விளக்கியதை நம் ஊர் வழக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். நகரியத்தில் வீடு நமக்குச் சொந்தமன்று. நிறுவனம் ஒதுக்கும் குடியிருப்பு அது. வட்டம் இன்னது, தெரு இன்னது, வீட்டு எண் இன்னது என்பதெல்லாம் வீட்டுக்கு உரியவை, குடியிருப்பவருக்கு உரியவை அல்ல. ஒருவர் ஓய்வு பெற்றுக் காலி செய்வார், மற்றொருவர் வருவார், எண் அப்படியே இருக்கும். காலி செய்து ஆண்டுகள் கடந்தும் பழையவர் பெயருக்குக் கடிதம் வந்துகொண்டிருப்பதை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். இன்ன தேதியில் இன்ன வீட்டில் யார் இருந்தார் என்பதை ஒதுக்கீட்டுப் பதிவேடு மட்டுமே சொல்லும். தெருவில் போகிறவர் எண் பலகையைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

ஐ.பி. முகவரியும் அத்தகையதே. இணையத்தில் நாம் ஒன்றைக் கேட்டால் விடை எங்கே வந்து சேர வேண்டும் என்று அறிவிப்பதற்கான எண் அது. அந்த எண் இல்லாமல் எந்தப் பக்கமும் நம்மிடம் வந்து சேராது; ஆகவே நாம் திறக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் அது தெரிந்தே தீரும். ஆனால் அது நமக்குச் சொந்தமன்று. இணையச் சேவை தரும் நிறுவனம் தன் கைவசமுள்ள எண்களில் ஒன்றை நமக்கு அவ்வப்போது ஒதுக்குகிறது. ரூட்டரை அணைத்து மீண்டும் போட்டால் பல வேளைகளில் எண் மாறிவிடும்.

செல்பேசியில் நிலைமை இன்னும் சிக்கலானது. பழைய முறையிலான ஐ.பி. முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 429 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துபோனது. புதிய முறை ஒன்று வந்து பரவிக்கொண்டிருந்தாலும் பழையது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஆகவே செல்பேசி நிறுவனங்கள் ஒரே எண்ணின் பின்னால் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே நேரத்தில் அமர்த்துகின்றன. ஒரு விடுதியின் வாசல் முகவரி ஒன்று, உள்ளே அறைகள் பல என்பது போல. அந்த வாசலை மட்டும் அறிந்துகொண்டு, உள்ளே கடிதம் எழுதியவர் இன்னார் என்று நாம் தீர்ப்பளித்திருந்தோம்.

இருப்பிடம் காட்டும் தளங்களிடம் நிறுவனத்தின் பதிவேடு கிடையாது. இன்ன எண் தொகுதி இன்ன நிறுவனத்துக்குரியது, அது பெரும்பாலும் இன்ன பகுதியில் புழங்குகிறது என்று பல தரவுகளைக் கோத்து அவை ஊகிக்கின்றன. நாட்டைச் சொல்வதில் பெரும்பாலும் தவறுவதில்லை. ஊரைச் சொல்வதில் அடிக்கடி தவறுகின்றன. வீட்டைச் சொல்வதற்கு அவற்றிடம் ஒன்றுமேயில்லை. ஆயினும் வரைபடத்தில் குறியை எங்கேனும் நிறுத்தியாக வேண்டுமே!

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் பாட்வின் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணை வீடு உண்டு. மேக்ஸ்மைண்ட் என்னும் நிறுவனம், ஊர் தெரியாத அமெரிக்க ஐ.பி. முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைத் தோராயமாகக் குறித்து வைத்தது. அந்தப் புள்ளி இந்தப் பண்ணையில் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அந்த ஒரே இடத்தைக் காட்டின. மோசடி செய்தவனைத் தேடி அதிகாரிகளும், பணத்தைப் பறிகொடுத்தவர்களும், காணாமற்போனவரைத் தேடியவர்களும் ஆண்டுக்கணக்கில் அந்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தனர். 2016-இல் ஒரு பத்திரிகையாளர் காரணத்தைக் கண்டு எழுதிய பின்னரே அந்நிறுவனம் புள்ளியை ஓர் ஏரியின் நடுவே நகர்த்தியது.

"அது அமெரிக்கா, இங்கே நடந்ததைக் கேளுங்கள் ஹஜ்ரத்" என்று மாணவர் தொடர்ந்தார். 2007 ஆகஸ்டில் பெங்களூருவில் கணினித் துறையில் பணியாற்றிய ஓர் இளைஞரைப் புனே காவல்துறையினர் கைது செய்தனர். ஆர்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் ஏற்றினார் என்பது குற்றச்சாட்டு. சான்று ஒரு ஐ.பி. முகவரி. அந்த எண்ணைப் பயன்படுத்தியவர் யார் என்று இணையச் சேவை நிறுவனத்திடம் கேட்டபோது அது தவறான வாடிக்கையாளரின் விவரத்தைத் தந்துவிட்டது. குற்றமற்றவர் என்று தெளிவாகி வெளியே வருவதற்குள் அவர் 50 நாட்கள் சிறையில் கழித்திருந்தார். பதிவேட்டை வைத்திருப்பவரே பிழை செய்தால் விளைவு இது. பதிவேட்டைக் கண்ணாலும் காணாத நம்மைப் போன்றோரின் தீர்ப்புக்கு என்ன மதிப்பு?

நேரத்தைப் பற்றியும் மாணவர் ஒன்று கேட்டார்: "அந்த 14.50 எந்த நாட்டு நேரம்?" நமக்கு விளங்கவில்லை. நம் பக்கத்தைத் தாங்கும் சர்வர் வெளிநாட்டில் இருக்கிறது, அது உலகப் பொது நேரத்தில் பதிவு செய்கிறது, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும் என்றார். கூட்டினால் இரவு 8.20. விருத்தாசலத்து இமாம் தம் பள்ளியில் இஷா தொழுகைக்காக நிற்கும் வேளை அது.

நாம் வாயடைத்துப்போனோம். மத்ரஸாவில் நாமே நடத்தும் பாடத்தில் கரீனா, பய்யினா என்ற இரண்டையும் பிரித்துக் காட்டுகிறோம். முன்னது சூழலில் கிடைக்கும் குறிப்பு, பின்னது தெளிவான சான்று. குறிப்பு விசாரணையைத் தொடங்கி வைக்கலாம், அதுவே தீர்ப்பாகாது. ஹுஜுராத் அத்தியாயத்தில் ஆறாம் வசனம் வந்த செய்தியை விசாரித்துத் தெளியுமாறு பணிக்கிறது. பன்னிரண்டாம் வசனம் சந்தேகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கவும், துருவித் துருவி ஆராயாதிருக்கவும், புறம்பேசாதிருக்கவும் சொல்கிறது. இவ்வசனங்களைப் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு மனனம் செய்விக்கும் நாம் மூன்றையும் ஒரே வாரத்தில் மீறியிருந்தோம். கணினி காட்டிய சிவப்புக் குறியை ஒரு சாட்சியாக எண்ணியதுதான் காரணம். மனிதர் ஒருவர் வந்து "அவர்தான் எழுதினார்" என்று சொல்லியிருந்தால், "நீர் கண்டீரா?" என்று நிச்சயம் கேட்டிருப்போம்.

ஐ.பி. முகவரியால் யாரையும் கண்டறியவே முடியாது என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். காவல்துறை சட்டப்படி எழுதிக் கேட்டால் சேவை நிறுவனம் தன் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லும். முகவரி, துல்லியமான நேரம், பல வேளைகளில் போர்ட் எண் என்ற மற்றோர் எண்ணும் சேர்ந்தால்தான் செல்பேசி வாடிக்கையாளர் ஒருவரைப் பிரித்தறிய முடியும். பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் ஆணையிட்டது. ஆகவே எவரையும் திட்டி எழுதிவிட்டு மறைந்துகொள்ளலாம் என்று பிள்ளைகள் நினைப்பது பிழை. விபிஎன் போட்டுக்கொண்டால் போதும் என்பாரும் உளர். அது நம் முகவரியைத் தளத்திடமிருந்து மறைக்கும், விபிஎன் நடத்துபவரிடமிருந்து மறைக்காது.

எதிர்ப்பக்கத்து அச்சமும் ஒன்று உண்டு. சில மாதங்களுக்கு முன் நம்மிடம் ஓதும் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருவன் இரண்டு நாட்களாக முகம் வாடியிருந்தான். செல்பேசி விளையாட்டில் தோற்ற எவனோ ஒருவன், "உன் ஐ.பி. என்னிடம் இருக்கிறது, உன் வீட்டுக்கு ஆள் அனுப்புவேன்" என்று எழுதியிருக்கிறான். அத்தாவிடம் சொன்னால் அடி விழும் என்று பிள்ளை மறைத்திருக்கிறான். மாணவரிடம் கற்ற பாடம் அன்று நமக்குக் கைகொடுத்தது. நம் செல்பேசியில் நம் எண்ணைப் போட்டுக் காட்டி, "பார், நானும் நீயும் சென்னையில் இருக்கிறோமாம்" என்றோம். பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவனுடைய கணக்கைத் திறந்து பார்த்தோம். பள்ளிச் சீருடையில் ஒரு படம், பெயர்ப் பலகை தெரியும் வீட்டு வாசலில் ஒரு படம். அந்த எண்ணைவிட இவ்விரு படங்களே அவன் வீட்டை எளிதாகக் காட்டிக்கொடுக்கும். இரண்டையும் அவன் கையாலேயே நீக்கச் செய்தோம். மிரட்டல் தொடர்ந்தால் அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யலாம், குழந்தைகள் உதவிக்கு 1098-ஐ அழைக்கலாம் என்று அவன் அத்தாவிடமும் சொன்னோம். அடிக்க வேண்டாம் என்றும் சொன்னோம். அடித்தால் அடுத்த முறை நம்மிடமும் சொல்லமாட்டான்.

நம்முடைய இருப்பிடம் உண்மையில் கசியும் வழி ஐ.பி. முகவரியன்று. நாமே "அனுமதி" என்ற சொல்லின் மீது விரலை வைத்துக் கொடுக்கும் ஜி.பி.எஸ். இருப்பிடம் அது; வீட்டு வாசல் வரை காட்டக்கூடியது. இதில் நம் சமுதாயம் தனியாக அறிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. 2020 நவம்பரில் அமெரிக்காவின் மதர்போர்டு இதழ் ஒன்றை வெளிக்கொணர்ந்தது. தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் முஸ்லிம் ப்ரோ என்ற செயலி, பயனர்களின் இருப்பிடத் தரவை எக்ஸ்-மோட் என்னும் தரகு நிறுவனத்துக்கு அனுப்பி வந்தது. அத்தரகரிடமிருந்து தரவு அமெரிக்க இராணுவத்துடன் ஒப்பந்தம் கொண்ட நிறுவனங்களுக்குச் சென்றது. அப்போது அச்செயலி 9 கோடியே 80 இலட்சத்துக்கும் மேல் பதிவிறக்கப்பட்டிருந்தது. தாங்கள் இராணுவத்துக்கு நேரடியாக விற்கவில்லை என்று மறுத்த செயலி நிறுவனம், எக்ஸ்-மோடுடனான உறவைத் துண்டித்துக்கொண்டது. 2024 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம், மக்களின் அந்தரங்கம் தொடர்பான இருப்பிடத் தரவை விற்கக் கூடாது என்று அத்தரகு நிறுவனத்தின் மீது ஆணை பிறப்பித்தது.

ஐந்து வேளையும் பாங்கு சொல்ல நாம் வைத்திருந்த செயலி, நாம் எந்தப் பள்ளியில் எத்தனை நிமிடம் இருந்தோம் என்பதையும் அறியக்கூடும் என்பது நமக்கு அதுவரை தோன்றியதேயில்லை. இவ்வளவு துல்லியம் அதற்குத் தேவைதானா? கிழக்கு மேற்காக 10 கிலோமீட்டர் நகர்ந்தால் தொழுகை நேரம் ஏறத்தாழ 22 வினாடிதான் மாறும். நகரியத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒரே நேரம்தான் என்று கொள்ளலாம். கிப்லாவும் அப்படியே. நெய்வேலியிலிருந்து அது மேற்கிலிருந்து வடக்கே சுமார் 20 பாகை சாய்ந்திருக்கிறது. எந்த வட்டத்தில் நின்றாலும் அது மாறாது. ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்தாலே போதும். செல்பேசியின் அமைப்புகளில் இருப்பிட அனுமதியை "பயன்படுத்தும்போது மட்டும்" என்றும், "தோராயமான இருப்பிடம்" என்றும் வைத்துக்கொள்ளும் வசதி இப்போதுள்ள செல்பேசிகளில் உண்டு. வீட்டுப் பெரியவர்களின் செல்பேசியைப் பிள்ளைகள் ஒரு முறை வாங்கிப் பார்த்து மாற்றித் தரலாம். டார்ச் விளக்குக்கும் கால்குலேட்டருக்கும் நம் இருப்பிடம் எதற்கு?

பிறர் வீட்டினுள் நுழையும் முன் அனுமதி கேட்கும் ஒழுக்கத்தை நூர் அத்தியாயம் கற்பிக்கிறது. நபி (ஸல்) அவர்களின் வீட்டுத் துவாரத்தின் வழியே ஒருவர் எட்டிப் பார்த்தபோது, அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்ற கருத்தில் அவர்கள் கண்டித்த செய்தி புகாரியில் உள்ளது. காலடி வைப்பது மட்டுமன்று, கண் வைப்பதும் நுழைவதே. நம் நாட்டில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. செயலிகள் நம் வீட்டை எட்டிப் பார்ப்பதைக் கண்டிக்கும் நாம், பெயர் சொல்ல விரும்பாமல் ஒருவர் எழுதிய கடிதத்தின் பின்னால் எட்டிப் பார்த்திருந்தோம் என்பதுதான் நம்மை அதிகம் உறுத்தியது.

மாணவர் ஊர் திரும்பிய மறுநாள் ரசீதுப் புத்தகத்தை எடுத்தோம். கூரை நிதிக்கு வந்த 4,500 ரூபாய்க்கான ரசீது ஒன்று, இணையத்தில் ஏற்றிய கணக்கில் விடுபட்டிருந்தது. பணம் வங்கியில் இருந்தது, பட்டியலில் இல்லை. ஒரு தாளைப் புரட்டும்போது இரண்டு ஒட்டிக்கொண்டு புரண்டிருக்கிறது. கொடுத்தவரோ, கொடுத்ததை அறிந்தவரோ பட்டியலைப் பார்த்தால் என்ன நினைப்பார்? அவர் எழுதியதில் பிழையில்லை. கணக்கைத் திருத்தி, விடுபட்டதற்கு வருத்தமும் எழுதி ஏற்றினோம். பேச்சு போய்ச்சேர்ந்த வீடுகளுக்கு நாமே நேரில் சென்று, நாம் நினைத்தது தவறு என்று சொன்னோம். அதில் ஒரு வீட்டில், "அப்படியானால் வேறு யார் ஹஜ்ரத்?" என்று கேட்டார்கள். தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை என்றோம்.

பிறகு பேருந்தேறி விருத்தாசலம் போனோம். அஸர் தொழுகையை அவர் பின்னால் நின்று தொழுதுவிட்டு, பள்ளியின் தாழ்வாரத்தில் அவரருகே அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னோம். அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. வலீமாவில் நாம் முகம் திருப்பியதை மட்டும் அறிந்திருந்தார். தம்மிடம் என்ன குறை என்று அன்றிரவு யோசித்ததாகச் சொன்னார். மன்னித்தேன் என்று அவர் சொல்வதற்குச் சற்று நேரமாயிற்று. அந்த இடைவெளியில் அவர் கேட்டது, "அந்த ரசீதைச் சேர்த்துவிட்டீர்களா?" என்பதுதான்.

இப்போது மத்ரஸாவின் படிவம் ஐ.பி. முகவரியைச் சேமிப்பதில்லை. மாணவரிடம் சொல்லி அதை நிறுத்திவிட்டோம். சென்ற மாதமும் பெயரில்லாக் கடிதம் ஒன்று வந்தது. ஒளுச் செய்யும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி எத்தனை நாட்களாயின என்று கேட்டிருந்தது. ஏறிப் பார்த்தோம், பாசி படிந்திருந்தது. அன்று மாலையே கழுவினோம்.